மூங்கில் தத்துப்பூச்சிக்குப் பெயர் தேடுவது எப்படி? பர்மா வேலியோரத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீடு பெகுவுக்குத் தெற்கே, ரங்கூன் சாலையை ஒட்டி இருக்கிறது. பின்னால் வயல், வயலுக்கு வேலியாக மூங்கில். சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாலையில் அந்த வேலியில் உட்கார்ந்திருந்த பச்சைப் பூச்சி ஒன்றைப் படம் எடுத்தேன். நாலு மில்லிமீட்டர் இருக்கும், இறக்கை நுனி மட்டும் கறுப்பு. நோட்டில் ‘மூங்கில் தத்துப்பூச்சி’ என்று எழுதிவிட்டு, மூன்று வாரம் அதற்குப் பெயர் தேடி அலைந்தேன்.

கடைசியில் பக்கத்து வயல் பெரியப்பா போனை வாங்கிப் பார்த்தார். “இதுக்கா இத்தன நாளு? நெல்லுல நிக்கிற பச்சைத் தத்துப்பூச்சி தம்பி இது. அறுப்பு நடக்குதுல்ல, அதான் வேலியில ஏறி உக்காந்திருக்கு” என்றார்.

அவர் சொன்னது சரி. அது நெஃபோடெட்டிக்ஸ் என்ற பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு. ஆண்பூச்சிக்கு இறக்கை நுனி கறுத்திருக்கும். நெல்லில் துங்ரோ நோயைப் பரப்பும் கூட்டம். மூங்கிலில் அதற்கு எந்த வேலையும் இல்லை, இளைப்பாற வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூங்கிலில் உட்கார்ந்த பூச்சி வேறு, மூங்கிலில் வாழும் பூச்சி வேறு. இதைப் பிரிக்கத் தெரியாமல் நுண்கண்ணாடி வாங்கிப் பயனில்லை. கீழே சொல்லும் படிகளின் வரிசை கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம்: முதலில் மூங்கில், அப்புறம் குஞ்சு, அதற்கும் அப்புறம்தான் வளர்ந்த பூச்சி. செடிச் சாறு உறிஞ்சி, தத்தித் திரியும் இந்தத் தத்துப்பூச்சிக் குடும்பத்தில் இதுவரை பெயர் வைத்த இனங்களே 20,000-க்கு மேல். படத்தோடு படம் ஒப்பிட்டு அதில் ஒன்றைப் பிடிப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற வேலை. எந்த மூங்கிலில் வளர்கிறது என்று தெரிந்துவிட்டால் வைக்கோற்போர் ஒரு கைப்பிடியாகச் சுருங்கும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்த வேலை நம்மைவிடச் சுலபம். அங்கே சொந்த மூங்கில் என்பது அருண்டினாரியா என்ற ஒரே பேரினம், அதில் ஒரு சில இனங்களே. அதில் வாழும் தத்துப்பூச்சிப் பேரினத்துக்கு 1941-இல் அருண்டானஸ் என்று அந்த மூங்கிலின் பெயரையே ஒட்டிப் பெயர் வைத்தார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெகு யோமா மலைத்தொடரில் ஒரே ஓடைக்கரையில் மூன்று வகை மூங்கில் தோளோடு தோள் உரசி நிற்கும்.

முதல் படி: மூங்கிலுக்குப் பெயர் வையுங்கள்

இலையை மட்டும் பார்த்து மூங்கிலை அடையாளம் காண முயலாதீர்கள். எல்லா மூங்கிலுக்கும் இலை ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும். பூவுக்காகக் காத்திருக்கவும் முடியாது. ராக்கைன், சின் மலைகளில் நிற்கும் கயின்வா, அதாவது மெலோகன்னா பாக்சிஃபெரா, சுமார் 48 வருடங்களுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். ஆகவே தண்டைச் சுற்றியிருக்கும் மடலைப் பாருங்கள். குருத்து நிலத்தைப் பிளந்து வரும்போது அதைப் போர்த்தி வருகிறதே, அந்த மடல்தான். அதன் நிறம், முதுகில் இருக்கும் மயிர், மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் காது மாதிரி நீளும் பகுதி, உச்சியில் நிற்கும் சின்ன இலைத்தகடு, இவை நாலும் சேர்ந்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மழைக்காலத்தில் புதுக் குருத்து வளரும்போது, தண்டின் நடுப்பகுதியிலிருந்து உதிராத மடல் ஒன்றை எடுத்துச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காய வையுங்கள். அடியில் உள்ள மடலும் உச்சியில் உள்ளதும் வடிவம் மாறியிருக்கும், அவை ஏமாற்றும்.

எங்கள் பக்கம் அதிகம் பார்க்கக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

தின்வா, செபலோஸ்டாக்கியம் பெர்கிராசிலி. சுவர் மெல்லியது, கணுவிடை நீளம். மடல் பளபளவென்று செம்பழுப்பு, அதன் மேல் கறுப்பு முள்மயிர் அடர்ந்திருக்கும். கை வைத்தால் அன்று இரவு முழுக்க அரிப்புதான். குளிர்காலத்தில் ரயிலடியில் மூங்கில் குழலுக்குள் வெந்த பசையரிசிச் சோறு விற்பார்களே, கௌக்ஞின் சீதௌக், அது இந்த மூங்கில்தான். பட்டையை உரித்தால் சோற்றோடு ஒட்டி வரும் வெள்ளைச் சவ்வு அதன் உள்தோல்.

சாதௌங்வா, பாம்புசா பாலிமார்ஃபா. பெரிய புதர், தண்டில் சாம்பல் பூத்த மாதிரி வெளுப்பு. தேக்கோடு இதுவும் தின்வாவும் சேர்ந்து நின்றால் அது ஈரப்பாங்கான மேட்டுக் கலப்புக் காடு என்று பழைய காட்டிலாகாக்காரர்கள் மரத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். மண் காய்ந்த மேட்டில் அதே தேக்குக்குத் துணை ம்யின்வா, டென்ட்ரோகாலமஸ் ஸ்ட்ரிக்டஸ். தமிழ்நாட்டில் கல்மூங்கில் என்பது இதைத்தான். உள்ளே ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கெட்டி. கோடையில் இலை உதிர்த்துவிடும் என்பதால் பங்குனி, சித்திரையில் இதில் பூச்சி தேடிப் போனால் வெறுங்கையோடு வருவீர்கள்.

சௌங்வா என்றால் மடத்து மூங்கில். புத்த மடங்களைச் சுற்றி நெருக்கமாக வேலி மாதிரி நிற்கும். இலை ஒல்லி, மடல் உதிராமல் தண்டோடேயே ஒட்டியிருக்கும். தைர்சோஸ்டாக்கிஸ் சயமென்சிஸ். குடைக்காம்பு மூங்கில் என்ற பொருளில் தீயோவா என்றும் சொல்வார்கள். புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் சிபாரிசு செய்வது இதுதான்: ஊருக்குள்ளேயே இருக்கிறது, உயரம் குறைவு, முள் இல்லை.

மூங்கில் வெட்டுபவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வெட்டுக்கத்தியால் தட்டிப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: தைக்வா என்ற பெயரை அவர்கள் பாம்புசா துல்டாவுக்கும் வைப்பார்கள், பாம்புசா பர்மானிக்காவுக்கும் வைப்பார்கள். வாபோ என்றால் வெறுமனே பெரிய மூங்கில். ஆகவே பர்மியப் பெயரை அப்படியே எழுதிக்கொண்டு, மடலையும் எடுத்து வையுங்கள். பூச்சிக்கு எத்தனை மெனக்கெடுகிறீர்களோ அத்தனை மெனக்கெடல் மூங்கிலுக்கும் தேவை. அழகுக்கு வைத்த மஞ்சள் மூங்கில், வெளியிலிருந்து வந்த வகைகள் இவற்றில் கிடைத்ததைச் சொந்த மூங்கில் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் படி: பிடிப்பது

இப்போதுள்ள நிலைமையில் யோமாவுக்குள் போகச் சொல்லி யாரையும் தூண்டமாட்டேன். பாதுகாக்கப்பட்ட காடு என்றால் காட்டிலாகா அனுமதி இல்லாமல் ஒரு எறும்பைக்கூட எடுக்க வேண்டாம். வீட்டு வேலி, கோயில் பின்புறம், சொல்லிக் கேட்டுக்கொண்டு மடத்து ஓரம், இவையே பல வருட வேலைக்குப் போதும்.

முதல் மழை விழுந்து புதுத் தளிர் வந்ததும் தொடங்கலாம். என் நோட்டில் அதிகம் சேர்ந்தது ஆவணியிலிருந்து கார்த்திகை வரை. காலை பனி காய்ந்ததும் போனால் பூச்சி இன்னும் மந்தமாக இருக்கும். உச்சி வெயிலில் தொடுவதற்கு முன்பே தெறித்துவிடும்.

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கறுப்புக் குடையைத் தலைகீழாக விரித்துக் கிளைக்குக் கீழே பிடித்து, மேலே தடியால் இரண்டு தட்டு. கறுப்புத் துணியில் சின்னப் பூச்சிகூடப் பளிச்சென்று தெரியும். அங்கிருந்து உறிஞ்சுக் குழாயால் எடுக்க வேண்டும். சின்ன மருந்துப் புட்டியின் மூடியில் இரண்டு ஓட்டை போட்டு இரண்டு பிளாஸ்டிக் குழாய் செருகினால் அது தயார். வாய் வைக்கும் குழாயின் உள்முனையில் மெல்லிய துணியைக் கட்ட மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்தேன், அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

விளக்குப் பொறி வைத்தால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் வரும். ஆனால் எந்தச் செடியிலிருந்து வந்தது என்ற செய்தி அங்கேயே அழிந்துவிடும். இந்த வேலைக்கு அது வேண்டாம்.

புதருக்குள் கை விடும் முன் தடியால் தட்டிப் பாருங்கள். மூங்கில் இலை நிறத்திலேயே பச்சைக் குழிவிரியன் சுருண்டு கிடக்கும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் பூச்சி பார்க்கும் ஆவலில் மறந்துபோகும்.

மூன்றாம் படி: குஞ்சைத் தேடுங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

தத்துப்பூச்சி முட்டையிலிருந்து வந்ததும் ஐந்து இளம்பருவம் கடக்கும். அந்த ஐந்திலும் இறக்கை இல்லை. நடக்கும், பக்கவாட்டில் நண்டு மாதிரி நகரும், கொஞ்சம் தத்தும், ஆனால் பறக்காது. ஆகவே ஒரு மூங்கிலில் குஞ்சு கூட்டமாக இருந்தால் அதன் தாய் அங்கேதான் முட்டை வைத்திருக்கிறாள். வளர்ந்த பூச்சி நூறு கிடைத்தாலும் அது சாட்சி ஆகாது. ஒரே மூங்கிலில் பல பருவக் குஞ்சு பத்துக் கிடைத்தால் வழக்கே முடிந்தது.

குஞ்சு பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம், அல்லது மடலுக்கும் தண்டுக்கும் இடையே இருக்கும் இடுக்கு, அல்லது சுருள் பிரியாத குருத்திலைக்குள். குடை பிடித்துக் கிளையைத் தட்டினால் பெரும்பாலும் வராது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். உரித்துப் போட்ட வெள்ளைத் தோல் இலையில் ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி.

இலை சொல்லும் செய்தியையும் படியுங்கள். மேல்பக்கம் ஊசியால் குத்திய மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால், இலைச் சதையின் சாற்றை உறிஞ்சும் சின்னஞ்சிறு வகையாக இருக்கலாம். இலை பிசுபிசுத்து, மேலே கரும்பூஞ்சை படிந்திருந்தால் சர்க்கரைச் சாறு குடிக்கும் வகை. ஆனால் தண்டில் வெள்ளைப் பஞ்சு மாதிரி கும்பல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூங்கில் அசுவினியும் அதே பிசுபிசுப்பைத்தான் விடும்.

குஞ்சைக் கொண்டுபோய் இனத்தின் பெயர் தேட முடியாது, அடையாளம் எல்லாம் வளர்ந்த ஆணிடம்தான். அதனால் அங்கேயே வளருங்கள். கொசுவலைத் துணியில் முழங்கை நீளப் பை தைத்து, குஞ்சு இருக்கும் கிளையின் மேல் போர்த்தி, இரண்டு முனையையும் கட்டுங்கள். கட்டும் முன் சிலந்தி, எறும்பு உள்ளே இல்லை என்று உறுதி செய்யுங்கள். வெதுவெதுப்பான நாட்களில் கடைசிப் பருவக் குஞ்சு சில நாட்களிலேயே இறக்கை விடும், சின்னதென்றால் இரண்டு மூன்று வாரம் எடுக்கலாம். தோல் உரித்த உடனே பிடிக்காதீர்கள். வெளுத்து, மெத்தென்று இருக்கும். இரண்டு நாள் விட்டால் உண்மையான நிறம் ஏறும்.

இந்தப் பையை முதல்முறை கட்டியபோது பெரியப்பா, “மூங்கிலுக்குச் சட்டை தைச்சுப் போட்டிருக்கான்” என்று ஊருக்கே சொன்னார். சொல்லட்டும். அந்தப் பையில் ஒன்பது பூச்சி வந்தது, ஒன்பதும் ஒரே இனம்.

நான்காம் படி: தத்துப்பூச்சிதானா?

எங்கள் ஊரில் தத்துகிற எதற்கும் புகையான் என்றே பெயர். நெல்லைப் புகைபட்ட மாதிரி காயவைக்கும் உண்மையான புகையானும் அதன் உறவுகளும் வேறு குடும்பம். அந்தக் குடும்பத்திலும் மூங்கிலையே நம்பி வாழும் பேரினங்கள் பல உண்டு. அதனால் இங்கே குழப்பம் நிஜமாகவே வரும்.

பூச்சியைப் புட்டியோடு குளிர்பெட்டியின் உறைபகுதியில் சில நிமிடம் வைத்தால் அசையாமல் இருக்கும். பத்து மடங்கு கைக்கண்ணாடி போதும். பின்னங்காலின் நீண்ட பகுதியைப் பாருங்கள். அதன் நீளத்துக்கும் வரிசை வரிசையாக, சீப்புப் பல் மாதிரி முட்கள் இருந்தால் தத்துப்பூச்சி. முட்கள் ஓரிரண்டே இருந்து, அந்தப் பகுதியின் முனையில் அசையக்கூடிய பெரிய குதிமுள் ஒன்று தொங்கினால் புகையான் குடும்பம். ஓரிரண்டு தடித்த முள், முனையில் கிரீடம் மாதிரி முள்வட்டம் என்றால் நுரைப்பூச்சி.

உணர்கொம்பும் உதவும். தத்துப்பூச்சிக்கு அது கண்களுக்கு நடுவே முளைத்த மயிரிழை. புகையான் வகைக்குக் கண்ணுக்குக் கீழே, அடி பருத்து உருண்டு இருக்கும். மூங்கிலில் புரோகிதா என்றொரு புகையான் உறவு உண்டு. அதன் உணர்கொம்பு இலை மாதிரி தட்டையாக அகன்றிருக்கும். பார்த்தால் மறக்க மாட்டீர்கள். பெயர் வைத்தவர் எந்தப் புரோகிதரை நினைத்து வைத்தாரோ!

ஐந்தாம் படி: எந்தக் கிளை?

இங்கே முகம் வேண்டும். பெரும்பாலானவர்கள் மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு உதவி கேட்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் தெரிவது நிறமும் கோலமும்தான், அவை இரண்டும் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். மேலே, பக்கவாட்டில், நேர் முகம், பின்னங்கால் என்று நாலு படம் எடுங்கள். போனில் மாட்டும் சின்ன லென்ஸ் போதும்.

முகம் உப்பி, தலையின் மேல்பரப்பிலேயே இரண்டு ஒற்றைக்கண் புள்ளிகள் (பெரிய கண்கள் போக இருக்கும் சின்னக் கண்கள்) தெரிந்தால் சிக்காடெல்லினே என்ற கிளை, அதாவது துணைக்குடும்பம். இவை செடியின் நீர்க்குழாயிலிருந்து குடிப்பவை, அதனால் துளித்துளியாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பூச்சி இரண்டிலிருந்து நாலு மில்லிமீட்டர், மெலிந்தது, முன்னிறக்கையில் நரம்பு மங்கல், குறுக்கு நரம்பு நுனியில் மட்டும் என்றால் டிஃப்லோசிபினே. இலையில் வெள்ளைப் புள்ளி வைப்பது இதுதான். ஒற்றைக்கண் தலையின் விளிம்பில் இருந்து, பின்தொடையின் நுனியில் முட்கள் இரண்டு, இரண்டு, ஒன்று என்று அமைந்திருந்தால் பெரும்பாலும் டெல்டோசெபாலினே. தத்துப்பூச்சிகளில் மிகப் பெரிய கிளை இது. மூங்கில்காரர்கள் அதிகம் நிற்பதும் இங்கேதான்.

அதற்குள் முக்காரியினி என்றொரு குலம், அதாவது உறவுள்ள பேரினங்களின் கூட்டம், மூங்கிலுக்கே நேர்ந்துவிட்டது போல இருக்கும். தெற்கு, தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியது. தலை மெலிந்து விளிம்பு கூராக, முகம் தட்டையாக, நெற்றி விளிம்பில் குறுக்காக ஓடும் நுண்வரம்புகளோடு இருக்கும். மடல் இடுக்கில் நுழைவதற்கென்றே தட்டிய மாதிரி என்று எனக்குத் தோன்றும், இது என் ஊகம் மட்டுமே. முக்காரியா பேரினமே குட்டை, உருண்டை, கறுத்துப் பளபளப்பது, வண்டு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். மொகுனியா நீண்டு, தலை முன்னால் கூர்ந்திருக்கும். குலத்துக்கு வெளியிலும் மூங்கில்காரர்கள் உண்டு: 1969-இல் பெயர் பெற்ற பாம்புசானா, 2002-இல் சீனாவிலிருந்து விவரிக்கப்பட்ட ஆப்ரஸ் இரண்டும் அப்படி. சீனாவின் யூனானுக்கும் நமக்கும் நடுவே இருப்பது கோடு மட்டுமே, மூங்கிலுக்கு அந்தக் கோடு தெரியாது. ஆகவே சீனாவிலிருந்து வரும் விவரங்களை ஒதுக்காதீர்கள்.

இறக்கையில் வெள்ளைப் பொடி பூசிய மாதிரி இருந்தால் அதை அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தத்துப்பூச்சிகள் தங்கள் உடலிலேயே சுரக்கும் ப்ரோக்கோசோம் என்ற நுண்ணிய தேன்கூட்டு உருண்டைகளைக் காலால் எடுத்து உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்ளும். நாம் சந்தனம் பூசுவது போல. தண்ணீர் ஒட்டாமல் இருக்க அது உதவுகிறது.

ஆறாம் படி: ஆணின் உள்ளுறுப்பு

வெளித்தோற்றம் பேரினம் வரைதான் கூட்டிப் போகும். இனத்தின் பெயர் ஆணின் இனப்பெருக்க உறுப்பில் எழுதியிருக்கிறது. இதைத் தவிர்க்க வழியில்லை.

முதலில் ஆணைப் பிரியுங்கள். வயிற்றின் நுனியை அடியிலிருந்து பாருங்கள். கத்தி உறை மாதிரி நீண்ட ஒன்று நடுவே ஓடினால் பெண், அது முட்டை செருகும் கருவி. இரண்டு சின்ன முக்கோணத் தகடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் ஆண்.

பூச்சி காய்ந்திருந்தால் ஈரப்பஞ்சு வைத்த டப்பாவில் ஒரு இரவு மூடி வையுங்கள். மெல்லிய ஊசியால் வயிற்றை அடியோடு பிரித்து, பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு இரவு ஊறவிடுங்கள். அவசரம் என்றால் கரைசல் குழாயைச் சூடான தண்ணீரில் நிறுத்திப் பத்து நிமிடம், ஆனால் சின்னப் பூச்சி கரைந்தே போய்விடலாம். நான் இரவு ஊறலையே விரும்புகிறேன். இந்தக் கரைசல் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சதை கரைந்து ஓடு மட்டும் கண்ணாடி மாதிரி நிற்கும். தண்ணீரில் இரண்டு முறை அலசி, கிளிசரின் ஒரு சொட்டில் போட்டு, நாற்பதிலிருந்து நூறு மடங்கு வரை பெருக்கிப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை: வெளியே சுற்றியிருக்கும் கூடு, அதன் பின்விளிம்பில் முள் உண்டா, அடித்தகடுகள் நீளமா குட்டையா, அவற்றின் மயிர் ஒழுங்கான வரிசையா சிதறலா, பக்கத்தில் நிற்கும் இரண்டு கொக்கிகள், கொக்கிகளை இணைக்கும் சின்னத் துண்டு, இது பல குலங்களில் கவட்டை மாதிரி இருக்கும், கடைசியாக நடுவே நிற்கும் ஆண்குறி. அதன் வளைவு, நுனியில் கிளைக்கும் முட்கள், துளை இருக்கும் இடம். பல சமயம் இரண்டு இனங்களைப் பிரிப்பது அந்த முள்ளின் திசை மட்டும்தான்.

படம் எடுப்பதோடு நிறுத்தாமல் கையால் வரையுங்கள். வரையும்போதுதான் கண் பார்க்கிறது. பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. சற்றே சாய்ந்து கிடந்தால் உருவமே மாறிவிடும்.

ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் சௌங்வாவில் எடுத்த ஓர் ஆணின் உறுப்பு எந்தப் படத்தோடும் சேரவில்லை. தகடு குட்டை, கொக்கி பாதிதான். புது இனம் என்று நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை. அப்புறம் வயிற்றின் பக்கத்தில் ஒட்டியிருந்த கறுப்புப் பயறு மாதிரி பையைப் பார்த்தேன். ட்ரைனிட் குளவியின் புழு. இந்தக் குளவியும், உடலுக்குள் வளரும் ஒருவகை ஈயும், ஸ்ட்ரெப்சிப்டெரா என்ற ஒட்டுண்ணியும் தாக்கினால் ஆணின் உறுப்பு வளர்ச்சி குன்றித் திரிந்துவிடும். ஆகவே எப்போதும் மூன்று நாலு ஆண்களைப் பாருங்கள். ஒன்றே ஒன்று வித்தியாசமாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் பையைத் தேடுங்கள்.

ஏழாம் படி: ஒப்பிடுவது

பர்மாவின் தத்துப்பூச்சிகளுக்கு வில்லியம் லூகாஸ் டிஸ்டன்ட் என்ற ஆங்கிலேயர் அந்தக் காலத்தில் பெரும்பணி செய்தார். பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுப்பில் இலங்கையும் பர்மாவும் சேர்த்து அவர் எழுதிய நாலாம் தொகுதி 1908-இல் வந்தது, பிற்சேர்க்கையாக ஏழாம் தொகுதி 1918-இல். இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். முக்காரியா, மொகுனியா என்ற பெயர்களே அந்த 1908 தொகுதியிலிருந்து வந்தவைதான்.

ஆனால் டிஸ்டன்டை நம்பி மட்டும் பெயர் வைக்காதீர்கள். அவர் வெளித்தோற்றத்தை வைத்தே விவரித்தார், ஆணின் உள்ளுறுப்பை வரையவில்லை. அவர் ஒரே பெயரில் வைத்ததைப் பின்னால் வந்தவர்கள் பிரித்திருக்கிறார்கள், தனித்தனியாக வைத்ததைச் சேர்த்தும் இருக்கிறார்கள். அவருடைய பெயரைப் பிடியாக வைத்துக்கொண்டு, அதே பேரினத்தைப் பிற்காலத்தில் யார் மறுபடி ஆராய்ந்தார்கள் என்று தேடி, அங்கே இருக்கும் உறுப்புப் படத்தோடு உங்கள் வரைபடத்தை வையுங்கள். மூங்கிலும் ஒத்துப்போகிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

டி.என்.ஏ. பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்துத் துண்டைப் படித்து ஒப்பிடலாம். ஆனால் ஒப்பிடுவதற்கு அந்த இனத்தின் துண்டு ஏற்கெனவே பொதுத் தரவுச் சேமிப்பில் இருக்க வேண்டும். நம் மூங்கில்காரர்களுக்கு அது பெரும்பாலும் கைகொடுக்காது. அது நன்றாக உதவும் இடம் வேறு: குஞ்சும் வளர்ந்ததும் ஒன்றுதானா, பெண் எந்த ஆணுக்குச் சேர்ந்தது என்பதை நிரூபிக்கலாம். எதற்கும் ஒன்றிரண்டு பூச்சியை 95 விழுக்காடு எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள்.

எட்டாம் படி: சீட்டு

மீதிப் பூச்சியை முக்கோண அட்டை நுனியில் வலப்பக்கம் ஒட்டுங்கள், இடப்பக்கம் பார்க்கத் திறந்திருக்கட்டும். பிரித்த வயிற்றைக் கிளிசரின் சொட்டோடு நுண்குப்பியில் போட்டு அதே ஊசியில் குத்துங்கள். இரண்டும் பிரிந்தால் இரண்டும் குப்பை.

சீட்டில் நாடு, ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், தேதி, பிடித்தவர் பெயர், பிடித்த விதம். அதோடு மூங்கிலின் பெயரும், குஞ்சு கண்டதா இல்லையா என்பதும். இந்தக் கடைசி இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இனத்தின் பெயர் உறுதியாகவில்லை என்றால் அந்த இடத்தை இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம். என் பெட்டியில் முதல் வரிசையில் இருக்கும் சீட்டு இப்படித்தான் இருக்கிறது: ‘முக்காரியினி, பேரினம் ஐயம், இனம் 1. சௌங்வா, மடல் எண் 4. மடலிடுக்கில் குஞ்சு, நான்கு பருவம். வலைப்பையில் வளர்த்தது, ஆண் 3, பெண் 6.’ பெரியப்பா அதைப் படித்துவிட்டு, “பேரே இல்லையே தம்பி” என்றார். “மூங்கில் பேரு இருக்கு பெரியப்பா” என்றேன்.